வரிசையின் கடைசியில் நின்ற சிறுவன்

திருவாரூர் மாவட்டத்தில் இரண்டே ஆசிரியர்கள் பணிபுரியும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கு நான் பாடம் நடத்தி வருகிறேன். எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்க அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு இந்த மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் படிநிலை வாரியாக வட்டமாக உட்காருகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் அழுகையும் எட்டு வயதுப் பிள்ளையின் கோபமும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிற அறை அது. 2023 ஆகஸ்ட் 25 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது எங்கள் பள்ளியிலும் காலையில் அடுப்பு எரியத் தொடங்கியது. சமைப்பதற்கு மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் நியமிக்கப்பட்டார். அவருடைய மகன் என் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு வர வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகவே ஆசை இருந்தது. வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்குள் சுருண்டு படுத்த குழந்தைகள் இப்போது சூடாகச் சாப்பிட்டுவிட்டு உற்சாகமாகப் படிப்பதைப் பார்த்தபோது, இந்தச் சாப்பாட்டின் அருமை அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. ஆகவே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தட்டை நீட்டி உணவை வாங்கியதும், ஒவ்வொரு பிள்ளையும் சமைத்தவரின் முகத்தைப் பார்த்து “நன்றி அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரே வாரத்தில் எல்லோரும் பழகிவிட்டார்கள். பள்ளிக்கு வந்துபோன பெரியவர்களும் பாராட்டினார்கள். ஆனால் காலையில் நாங்கள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் இழுத்துப் பாடுகிற “வணக்கம் டீச்சர்” போலவே அந்த நன்றியும் ஒரு ராகமாக மாறியிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்த ராகத்தில் சேராதவன் சமைப்பவரின் மகன் மட்டும்தான். தட்டை வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். பெற்ற தாய் என்பதால் கூச்சப்படுகிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு பிடிவாதம் என்று முடிவு கட்டினேன். சொன்னால்தான் உட்காரலாம் என்று ஒரு நாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அவனைத் தட்டோடு நிற்க வைத்தேன். உப்புமா ஆறிப்போயிற்று. அவன் சொல்லவே இல்லை. அடுப்படி வாசலில் கரண்டியைப் பிடித்தபடி அவனுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் ஆசிரியப் பணியில் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ள விரும்புகிற காலைப் பொழுதுகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் மதியம், சத்துணவு முடிந்து மற்ற பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில், வேப்பமர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்த அவனருகில் போய் நானும் உட்கார்ந்தேன். எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நேத்து உன்னை நிக்க வெச்சது தப்புப்பா, எனக்கு மனசு கஷ்டமா இருக்கு” என்று மட்டும் சொன்னேன். அவன் தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “எல்லாருக்கும் போடுது டீச்சர். எனக்கு மட்டும் கடைசியிலதான் போடுது.”

அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. எட்டே காலுக்கெல்லாம் உணவு தயாராக வேண்டும் என்பதால் அவனுடைய அம்மா ஐந்தரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார். அவன் கண் விழிக்கும்போது பாயில் அவருடைய இடம் காலியாக இருக்கிறது. தலை வாரிவிடுவதும் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் கண் சரியாகத் தெரியாத பாட்டி. பள்ளிக்கு ஓடி வந்தால், வீட்டில் தனக்கே தனக்கென்று இருந்த அம்மா இங்கே எல்லோருக்கும் அக்காவாக இருக்கிறார். தன் பிள்ளைக்கு அள்ளிப் போடுகிறார் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று, அவனை வரிசையில் கடைசியாக வரச் சொல்லியிருக்கிறார் அந்தத் தாய். அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதன் காரணம் தெரியாது. தெரிந்ததெல்லாம் தான் கடைசி என்பதுதான். அந்தப் பிள்ளையிடம் போய்த்தான் நான் நன்றி கேட்டிருக்கிறேன்.

நன்றி என்ற சொல்லைப் பற்றியே அதன் பிறகுதான் சரியாக யோசித்தேன். நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. அக்காள் தங்கைக்குச் சோறு போட்டாலோ, அண்டை வீட்டார் அவசரத்துக்குப் பணம் கொடுத்தாலோ, அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதோ கணக்கைத் தீர்த்து அந்நியமாக்கியது போல இருக்கும். அதற்குப் பதிலாக “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறோம், “நல்லா இருப்பா” என்கிறோம், அடுத்த முறை அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாளே போய் நிற்கிறோம். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்கு நன்றி சொல்லுதல் என்று பெயர் இல்லை. செய்ந்நன்றி அறிதல் என்றுதான் பெயர். அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை அறிவதுதான் பாடம். சொல்வது அதற்குப் பிறகு தானாக வரலாம், வராமலும் போகலாம். நான் அறிதலை விட்டுவிட்டுச் சொல்லுதலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். தன் மனத்தில் என்ன நடக்கிறது என்பதையே அறியாத குழந்தையால் இன்னொருவர் செய்ததை எப்படி அறிய முடியும் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு எழுந்தது. ஆகவே நன்றியை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் உணர்வுகளிலிருந்து தொடங்கினேன்.

எங்கள் பிள்ளைகளிடம் உணர்வுகளுக்கான சொற்கள் மிகக் குறைவாக இருந்தன. “எப்படி இருக்கே?” என்றால் “ஜாலி”, “கடுப்பா இருக்கு” என்ற இரண்டுக்கும் மேல் வராது. மற்றதெல்லாம் உடம்பு வழியாகத்தான் வெளிவரும். காலையில் வயிற்று வலி என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு வயிற்றில் எதுவும் இல்லை என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்பா திருப்பூருக்குப் போன மறுநாள் வருவது வயிற்று வலியாக வருகிற ஏக்கம். ஏக்கம் என்ற அந்த அழகான சொல்லையே என் வகுப்பில் ஒரு பிள்ளையும் அறிந்திருக்கவில்லை. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, சந்தைக்குப் போன அம்மாவுக்காகத் திண்ணையில் காத்திருக்கும் பிள்ளையின் கதையைச் சொன்ன அன்று, நான்கு பேர் “எனக்கும் அது இருக்கு டீச்சர்” என்றார்கள். 2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு, முகத்தில் தெரியும் உணர்வுக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலாவின் துடிப்பு தணிகிறது என்று காட்டியது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. ஆனாலும் பெயர் தெரிந்ததும் பிள்ளையின் தோள்கள் தளர்வதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு சிறிய ஏற்பாடு செய்தோம். வகுப்பறை வாசலில் நான்கு கொட்டாங்குச்சிகளை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு முகம் வரைந்தோம்: மகிழ்ச்சி, வருத்தம், கோபம், பயம். உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தமக்குப் பொருத்தமானதில் போட வேண்டும். முதல் வாரம் எல்லாக் கொட்டைகளும் மகிழ்ச்சியிலேயே விழுந்தன. டீச்சருக்குப் பிடிக்கும் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள்; முன்னால் போன தோழி எதில் போட்டாளோ அதிலேயே போட்டவர்களும் உண்டு. எனவே கொட்டாங்குச்சிகளை அலமாரிக்குப் பின்னால், ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றினேன். “தெரியல” என்று ஐந்தாவதாக ஒன்றையும் வைத்தேன். அடுத்த சில நாட்கள் அதுதான் நிரம்பி வழிந்தது. அதுவே எனக்கு நல்ல செய்தியாக இருந்தது, ஏனென்றால் முதன்முறையாக அவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தார்கள். நாளாக ஆக அந்த ஐந்தாவது கொட்டாங்குச்சியில் கொட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் ஒரு கொட்டை விழுந்திருக்கிறது என்பதற்காக “யாருக்குக் கோபம், எழுந்திரு” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டால் மறுநாள் முதல் அந்தக் கொட்டாங்குச்சி காலியாகத்தான் இருக்கும். நான் யாரையும் கேட்பதில்லை. “இன்னைக்கு மூணு பேருக்குக் கோபம் இருக்கு, ரெண்டு பேருக்குப் பயம் இருக்கு, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சம் பாத்துக்கிட்டு இருப்போம்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவேன். சொல்ல வேண்டியது இருக்கிற பிள்ளை இடைவேளையில் தானாகவே பக்கத்தில் வந்து நிற்கும்.

சமைப்பவரிடமும் பேசினேன். அவன் சொன்னதைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டார். “யாரும் ஒண்ணு சொல்லிடக் கூடாதுன்னுதான் டீச்சர் அப்படிச் சொன்னேன்” என்றார். வரிசையை மாற்ற வேண்டாம், காரணத்தை மட்டும் அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மாலையில் அவனை மடியில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். பாத்திரம் கழுவிவிட்டுக் கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் வகுப்பு வாசலில் அவனோடு நின்று தலை வாரிவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் ஏற்பாடு செய்தோம். அவன் மனம் ஆறியதற்கு என் பாடங்களைவிட அந்தச் சீப்புதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இதன் பிறகுதான் நன்றியின் பக்கம் திரும்பினேன். இந்த முறை யாரையும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. “இந்த உப்புமா எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேட்டேன். “அரசாங்கத்துல இருந்து” என்றான் ஒருவன். “கேஸ் அடுப்புல இருந்து” என்றது ஒரு குட்டி. மறுநாள் ஏழு மணிக்குப் பள்ளிக்கு வர முடிந்த பிள்ளைகளைப் பெற்றோரோடு வரச் சொல்லி, அடுப்படி வாசலில், அடுப்புக்கு எட்டாத தொலைவில் உட்கார வைத்தேன். காய் நறுக்குவதையும், ரவை வறுப்பதையும், சாம்பார்ப் பாத்திரத்தை இரண்டு கைத்துணியால் பிடித்து இறக்கும்போது முகத்தில் ஆவி அடிப்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அன்று வகுப்பில் மூன்று கேள்விகளைப் பற்றிப் பேசினோம். இது யாருக்காகச் செய்யப்பட்டது, இதைச் செய்தவர் இதற்காக எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார், இதனால் நமக்கு என்ன கிடைத்தது. 2014இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரோவும் உடனாய்வாளர்களும் 8 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் இதே போன்ற முறையைச் சோதித்திருக்கிறார்கள். உதவியவரின் எண்ணம், அவருக்கு ஏற்பட்ட சிரமம், தமக்குக் கிடைத்த பயன் ஆகிய மூன்றையும் யோசிக்கப் பழகிய குழந்தைகளிடம் நன்றியுணர்வு கூடியதாக அவர்கள் கண்டார்கள். என் பிள்ளைகள் அதைவிடச் சிறியவர்கள் என்பதால் நான் கேள்விகளை ஏட்டில் எழுத வைக்காமல் நடித்துக் காட்ட வைத்தேன். ஒரு சிறுமி சமைப்பவராக நடித்தாள். விடியற்காலையில் எழுந்து, தூங்குகிற தம்பிக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புவதுபோல் அவள் செய்தபோது, அந்தச் சிறுவன் நடிப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மட்டும்தான் வட்டமாக உட்கார்ந்து “இந்த வாரம் உனக்கு யார் என்ன செஞ்சாங்க?” என்று பேசுகிறோம். தொடக்கத்தில் தினமும் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளே எல்லோரும் “எங்க அம்மா சோறு போட்டாங்க” என்று ஒரே விடையைச் சொல்லத் தொடங்கினார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளரும் நன்றிக்குரியவற்றை வாரத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களிடம் பலன் இருந்ததையும், வாரம் மூன்று முறை செய்தவர்களிடம் அது இல்லாததையும் கண்டிருக்கிறார். வாரம் ஒருமுறை என்று மாற்றிய பிறகு பதில்கள் கூர்மையாயின. “மழையில என் புத்தகப் பையைத் தன் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடி வந்தான்” என்று ஒரு பிள்ளை தோழனைச் சொன்னது. சொல்லப்பட்ட அந்தத் தோழனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சுகிற ஓர் இடம் உண்டு, அதை மறைக்காமல் எழுத வேண்டும். நன்றியை வைத்தே பிள்ளைகளின் வாயை அடைத்துவிட முடியும். “உனக்காகத்தானே அப்பா வெயில்ல வேலை பாக்குறாரு, அவரு அடிச்சா என்ன?” என்று சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். “சோறே இல்லாத பிள்ளைங்க எத்தனை பேரு இருக்காங்க, நீ என்னடா அழுவறே?” என்று நானே முன்பு சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதும் பிள்ளையின் அழுகை நிற்கும், ஆனால் துக்கம் நிற்காது. குற்ற உணர்வும் அதோடு சேர்ந்துகொள்ளும். யார் எவ்வளவு செய்திருந்தாலும் அடிக்கவோ, கூடாத இடத்தில் தொடவோ அவருக்கு உரிமை இல்லை என்பதை நன்றியைப் பற்றிப் பேசுகிற அதே வட்டத்தில்தான் நான் சொல்கிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அங்கேதான் பாட்டாகப் பாடிப் பழகுகிறோம்.

அதேபோல, தட்டில் விழும் உணவு யாரோ போடுகிற பிச்சை என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கும் வந்துவிடக் கூடாது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு பெறுவது சட்டம் தந்த உரிமை. காலை உணவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். உரிமைக்காகக் கைகூப்பிக் குனிய வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமை நம் தட்டுக்கு வந்து சேர்வதற்கு ஒருவர் விடியுமுன் எழுந்திருக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது சிறு பிள்ளைகளுக்குக் கடினம் என்று நினைத்திருந்தேன். “சாப்பாடு நம்மளுது, சமைக்கிற கை அக்காவுது” என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எளிதாகச் சொல்லிவிட்டாள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த பெற்றோரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “பெத்த பிள்ளைகிட்ட நான் எதுக்கு டீச்சர் நன்றி சொல்லணும்?” என்று ஒரு தாய் நேரடியாகக் கேட்டார். சொல்ல வேண்டாம் அம்மா, அது செய்ததைப் பார்த்தேன் என்று மட்டும் காட்டுங்கள் என்றேன். “தண்ணிக் குடத்தை நீ பிடிச்சதால எனக்குத் தோள் வலிக்கல” என்ற ஒரு வாக்கியம் போதும். சமத்து, தங்கம் என்று பொதுவாகப் புகழ்வதைவிட, பிள்ளை செய்த ஒரு காரியத்தையும் அதனால் நமக்கு நேர்ந்த நன்மையையும் சேர்த்துச் சொல்வது அதன் மனத்தில் ஆழமாக நிற்கிறது. வீட்டு வேலையில் அதற்கென்று ஒரு சிறு பங்கையும் கொடுங்கள் என்றேன். கோழிக்குத் தீனி போடுகிற பிள்ளைக்குத்தான், ஒரு நாள் மறந்தால் என்ன ஆகும் என்பது தெரியும்; தினமும் மறக்காமல் தனக்குச் சோறு போடுகிறவரின் உழைப்பும் அதன் வழியாகத்தான் கண்ணில் படும். அந்தத் தாய் அடுத்த கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, இரவில் படுக்கும்போது மகள் தானாகவே அன்று நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கியிருக்கிறாள் என்றார்.

“நன்றி அக்கா” வழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். சில பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், சிலர் தட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அந்தச் சிறுவனும் வெகுநாள் வரை எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வட்டங்களில் தன் முறை வரும்போது பக்கத்துப் பிள்ளையின் கையைத் தட்டி, முறையை அதற்குக் கொடுத்துவிடுவான். நானும் வற்புறுத்தவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. புதன்கிழமை, வெண்பொங்கலும் சாம்பாரும். எப்போதும்போல அவன் வரிசையின் கடைசியில் வந்தான். அவனுடைய அம்மாவின் வலது கை மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக் காயம் இருந்தது. நான் உட்பட யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அவன் தட்டை நீட்டாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் இரண்டாவது கரண்டியை அள்ளியபோது, தட்டைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டான்.

“நீ சாப்பிட்டியாம்மா?”